சின்னவன் ஜெயிப்பான்* (*நிபந்தனைகளுக்கு உட்பட்டது)

டிஸ்கி: பிரேசிலியன் ஜு-ஜிட்சு தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். இதில் குத்து, உதை கிடையாது. எதிராளியைப் பிடித்து, கீழே தள்ளி, மேலே ஏறி, கழுத்தையோ கை மூட்டையோ பூட்டி, "போதும்பா, விடு" என்று அவரே கையால் தட்டும்படி செய்ய வேண்டும். அந்தத் தட்டலுக்குப் பேர் டேப். நம்ம ஊர் குஸ்திக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன செமஸ்டர் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை எழுதும்போது எனக்கு விலா எலும்பில் வலி. இருமினால் வலி. தும்மினால் வலி. பக்கத்து பெஞ்ச் நண்பன் அடிக்கிற மொக்கை ஜோக்குக்குச் சிரித்தால் இன்னும் வலி. (அவன் ஜோக்குக்குச் சிரித்தது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.)

காரணம் ரொம்ப சிம்பிள். என் எடை 54 கிலோ. அன்றைக்கு என்னோடு ரோலிங் பண்ணிய அண்ணனின் எடை 91 கிலோ. வித்தியாசம் 37 கிலோ, அதாவது ஒன்றரை சிப்பம் அரிசி. நான் மல்லாந்து கிடந்தேன், அவர் குறுக்கே என் நெஞ்சு மேல் படுத்தார். இதற்கு சைடு கன்ட்ரோல் என்று பேர். நான் இரண்டு கையாலும் அவரை மேலே தள்ளப் பார்த்தேன். அவர் நகர்ந்து திரும்ப உட்காரும்போது விலாவில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம்.

மாஸ்டர் வந்து பார்த்தார். ஐஸ் வைக்கச் சொன்னார். கூடவே ஒரு தத்துவமும் சொன்னார்: "டெக்னிக் சரியா இருந்தா வெயிட் ஒரு மேட்டரே இல்லப்பா." அந்த அண்ணனும் சேர்ந்துகொண்டார்: "தம்பி, நான் ஃபோர்ஸே குடுக்கல!" எங்கள் பயிற்சிக்கூடச் சுவரில் இதே கருத்து பெரிய எழுத்தில் போர்டாகவே தொங்குகிறது: 'சின்னவனும் பெரியவனை வெல்லலாம்.'

சரி, நம்ம டெக்னிக்தான் மோசம் போல என்று நானும் விட்டுவிட்டேன். விட்ட விஷயத்தைத் திரும்பக் கிளறியது எங்கள் காலேஜ் ஜூனியர் பெண் ஒருத்தி. முதலாம் ஆண்டு, 47 கிலோ. மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் வந்தவள் திடீரென்று நின்றுவிட்டாள். கேன்டீனில் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன். "எனக்கு டெக்னிக் வரலண்ணா. மூணு மாசமா கீழ நசுங்கிட்டே கிடக்கேன். எனக்கெல்லாம் இது செட் ஆகாது."

அவள் தன் மேல்தான் பழி போட்டுக்கொண்டாள். தன்னைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு எடை உள்ளவர்களோடு தினமும் உருள விட்டார்களே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போர்டில்தான் எழுதியிருக்கிறதே, சின்னவன் ஜெயிக்கலாம் என்று! அப்படியும் ஜெயிக்கவில்லை என்றால் தப்பு யார் மேல்?

அன்றைக்கு முடிவு பண்ணினேன். அந்த போர்டு சொல்வது பொய் இல்லை. ஆனால் விளம்பரத்தில் எறும்பு சைசில் ஒரு வரி போடுவார்களே, 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று, அந்த வரியை வெட்டிவிட்டு மாட்டிய போர்டு அது. அந்த நிபந்தனைகள் என்ன என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் வரலாறு

ஜு-ஜிட்சு ஆட்கள் எல்லோரும் சொல்லும் கதை இது. பிரேசிலைச் சேர்ந்த ஹீலியோ கிரேசி ஒல்லியானவர், பலம் குறைந்தவர். அதனால் பலம் தேவைப்படாத மாதிரி வித்தையை மாற்றி அமைத்தார். அவர் மகன் ராய்ஸ் கிரேசி 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியில், எடைப் பிரிவே இல்லாத களத்தில், ஒரே இரவில் மூன்று பேரைத் தட்ட வைத்தார். பார்த்தீர்களா, டெக்னிக்!

கதை உண்மை. ஆனால் பாதிக் கதை. மீதியையும் பார்ப்போம்.

அதே ஹீலியோ 1951-ல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானிய ஜூடோ சாம்பியன் மசாஹிகோ கிமுராவுடன் மோதினார். கிமுரா அவரை விட நல்ல எடை. கையை முறுக்கிப் பூட்டினார். ஹீலியோ கடைசி வரை தட்டவில்லை, அவர் தரப்பில் இருந்தவர்கள்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்தப் பூட்டுக்கு இன்றும் கிமுரா என்றே பேர். அப்புறம் 1955-ல் தன்னிடமே பயின்ற வால்டெமார் சாந்தானாவுடன் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் சண்டை. சாந்தானா இளையவர், பெரியவர். அதிலும் ஹீலியோவுக்குத் தோல்விதான்.

இந்த இரண்டையும் முதல் யு.எஃப்.சி. பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராய்ஸிடம் தோற்றவர்களுக்குத் தரைச் சண்டையில் அவர் அளவுக்கு ஞானம் கிடையாது. கிமுராவுக்கும் சாந்தானாவுக்கும் அது இருந்தது. பெரியவனுக்கு வித்தை தெரியாத வரைதான் சின்னவன் ராஜா. காமர்ஸ் பாஷையில் சொன்னால் காப்புரிமை உள்ள மருந்து மாதிரி. ஃபார்முலா ஒரே கம்பெனியிடம் இருக்கும் வரை கொள்ளை லாபம். காப்புரிமை முடிந்து எல்லோரும் அதையே தயாரிக்க ஆரம்பித்தால்? பெரிய ஃபேக்டரி வைத்திருப்பவன் ஜெயிப்பான்.

என்னோடு உருண்ட 91 கிலோ அண்ணனும் அதே மாஸ்டரிடம், அதே நேரத்தில், அதே டெக்னிக்கைத்தான் கற்றுக்கொள்கிறார். எனக்குத் தெரிந்த ஃபார்முலா அவருக்கும் தெரியும். கூடவே ஒன்றரை சிப்பம் அரிசியும் வைத்திருக்கிறார். இதில் "வெயிட் ஒரு மேட்டரே இல்லை" என்றால் யார் காதில் பூ?

எடை மேட்டர் இல்லையென்றால் எதற்குத் தராசு?

உலக அளவில் ஜு-ஜிட்சு போட்டி நடத்தும் ஐ.பி.ஜே.ஜே.எஃப். அமைப்பு, ஆண்களுக்கு ஒன்பது எடைப் பிரிவுகள் வைத்திருக்கிறது. போட்டி உடையான 'கி'யையும் போட்டுக்கொண்டே எடை பார்க்கிறார்கள். முதல் பிரிவு 57.5 கிலோ வரை, கடைசிப் பிரிவு 100.5 கிலோவுக்கு மேல். உடுப்பின் எடையைக் கூடக் கணக்கில் எடுக்கிற விளையாட்டில் எடை மேட்டர் இல்லையாம்!

எடை பார்க்காமல் எல்லோரும் மோதும் ஓப்பன் பிரிவும் உண்டு. உலகப் போட்டியில் அதை ஆறு முறை ஜெயித்தவர் பிரேசிலின் மார்கஸ் 'புஷேஷா' அல்மெய்டா. 100 கிலோவுக்கு மேற்பட்ட மனிதர். 57 கிலோக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதே அபூர்வம்.

ஜூடோவிலும் இதே கதைதான். 'மென்மை வன்மையை வெல்லும்' என்பது அவர்களுக்கு வேதவாக்கு மாதிரி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஜூடோவைச் சேர்த்தபோதே எடைப் பிரிவுகள் வைத்துவிட்டார்கள். எடை பார்க்காத ஓப்பன் பிரிவில், ஜப்பான் மண்ணிலேயே, ஜப்பானின் அகியோ கமினாகாவை வென்று தங்கம் வாங்கியவர் நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங். ஆறரை அடி ஆஜானுபாகு. டெக்னிக்கும் இருந்தது, உடம்பும் இருந்தது. யு.எஃப்.சி.யும் 1997-ல் எடைப் பிரிவுக்கு வந்துவிட்டது.

உடனே யாராவது தாவீது கோலியாத் கதையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நண்பர்களே, தாவீது கோலியாத்தைக் கட்டிப் பிடித்துத் தரையில் உருளவில்லை. தூரமாக நின்று கவணில் கல்லெறிந்தார். அவர்தான் உண்மையான கேம் பிளான் தெரிந்தவர்.

அப்போ சின்னவன் மூட்டை கட்டிவிடலாமா?

இல்லவே இல்லை. "டெக்னிக் போதும்" என்பதில் எனக்கு உள்ள கோபமே, அது சின்னவனுக்கு உண்மையிலேயே தேவையான டெக்னிக்கைச் சொல்லித்தராமல் விட்டுவிடுகிறது என்பதுதான். எல்லோருக்கும் ஒரே பாடம். 91 கிலோவுக்கு வேலை செய்வது 54 கிலோவுக்கும் வேலை செய்யும் என்ற நினைப்பு.

நம்ம வள்ளுவர் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரம் வைத்தார். முதலில் உன் பலமும் எதிராளி பலமும் என்ன என்று பார். அப்புறம் நேரம். அப்புறம் இடம். 48, 49, 50. இந்த வரிசையிலேயே போவோம்.

*வலி:* பெரியவரைத் தள்ளாதீர்கள். நான் செய்த தப்பு அதுதான். 54 கிலோக்காரன் படுத்துக்கொண்டு 91 கிலோவை பெஞ்ச் பிரஸ் அடிக்க முடியாது. கட்டிட வேலையில் சென்ட்ரிங் அடிக்கும்போது கூரைக்கு முட்டு கொடுப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சவுக்குக் கம்பு கூரையை மேலே தள்ளுவதில்லை. சும்மா நிற்கிறது. எடை அதன் வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. ஜு-ஜிட்சுவில் ஃப்ரேம் என்பது அதுதான். ஒரு முன்கை எலும்பு அவர் கழுத்தோரம், இன்னொன்று அவர் இடுப்பில். முட்டு கொடுத்துவிட்டு, நகர வேண்டியது அவர் இல்லை, நாம். இடுப்பை வெளியே இழுத்து, முழங்காலை இடையில் நுழைக்க வேண்டும்.

மல்லாந்து மட்டும் கிடக்கவே கூடாது. ஒருக்களித்துப் படுங்கள். முழங்கையும் முழங்காலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும், நடுவில் அவர் நுழைய சந்து கொடுக்காதீர்கள்.

*காலம்:* பெரியவர் மேலே வந்து செட்டில் ஆன பிறகு துள்ளுவது வீண். மூச்சுதான் போகும். அவர் வந்து இறங்கும் முன்பே தடுக்க வேண்டும். அது தவறிவிட்டால் அடுத்த சந்தர்ப்பத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்கு அவர் மாறும் அந்த ஒரு நொடியில் எடை முழுசாக நம் மேல் இருக்காது. நம் பஸ் அந்த நொடியில்தான் வரும். ராய்ஸ் 1994 டிசம்பரில் டான் செவர்ன் என்ற பெரிய மல்யுத்த வீரருக்கு அடியில் ஏறக்குறைய பதினாறு நிமிடம் கிடந்தார். கிடந்த நேரம் முழுக்கத் துள்ளவில்லை. காத்திருந்து, கடைசியில் காலால் முக்கோணமாகக் கழுத்தைப் பூட்டி ஜெயித்தார். அப்போது அவர்களுக்கு எங்களைப் போல ஐந்து நிமிட ரவுண்டு கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது.

*இடம்:* இதுதான் முக்கியம். பெரியவருடன் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டும் எந்த இடமும் நமக்கு நஷ்டம். அதனால் முதல் சண்டை பிடிக்கான சண்டை. அவர் கை நம் சட்டையைப் பிடித்தால் உடனே உடைக்க வேண்டும். கீழே இருந்தால் பாதங்கள் அவர் இடுப்பில், கைகள் அவர் மணிக்கட்டில். தூரம் நம் கையில் இருக்க வேண்டும்.

நமக்கு லாபமான ஒரே பெரிய இடம் அவர் முதுகு. முதுகில் ஏறிவிட்டால் அவருடைய 91 கிலோ நம் நெஞ்சின் மேல் இல்லை. அவர் கைகளும் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அங்கிருந்து கழுத்துக்குப் போங்கள். கை மூட்டைப் பூட்டப் போனால் பெரியவர் அப்படியே நம்மைத் தூக்கி மடக்கிவிடுவார், எனக்கு அனுபவம் உண்டு. குட்டைக் கால்களை வைத்துக்கொண்டு அகலத் தோள்களைச் சுற்றி முக்கோணம் போடுவதும் பெரும்பாலும் பாதியில் நிற்கும். கழுத்துக்கு பைசெப்ஸ் கிடையாது. பக்கவாட்டு ரத்தக் குழாய்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான்.

இதற்குச் சாட்சி பிரேசிலின் மார்செலோ கார்சியா. ஏ.டி.சி.சி. போட்டியில் 77 கிலோ பிரிவை நான்கு முறை ஜெயித்தவர் (2003, 2005, 2007, 2011). எடை பார்க்காத பிரிவிலும் பெரிய ஆட்களோடு மோதிப் பேர் வாங்கியவர். அவர் ஆயுதங்களைப் பாருங்கள்: எதிராளியின் கையை இழுத்து முதுகுக்குப் போவது, அடியில் நுழைந்து கால்களால் ஆளைத் தூக்குவது, கழுத்து நெரிப்பு. மேலே படுத்து நசுக்கும் ஆட்டத்தை நம்பி அவர் பேர் வாங்கவில்லை. ஆனாலும் 2007-ல் ஓப்பன் பிரிவு இறுதிப் போட்டியில் தன்னை விடப் பெரிய ராபர்ட் டிரைஸ்டேலிடம் தோற்றார். மார்செலோவுக்கே டெக்னிக் பற்றவில்லை என்று சொல்வீர்களா? சொல்லுங்கள் பார்ப்போம்.

வழக்கமான கேள்விகள்

"வெளிய சண்டை வந்தா எதிராளி எடை பார்த்தா வருவான்?"

வர மாட்டான். அதனால்தான் சொல்கிறேன். 47 கிலோ பெண்ணிடம் "உன்னால் யாரையும் வெல்ல முடியும்" என்று பொய் நம்பிக்கை கொடுத்து அனுப்புவதை விட, "முட்டு கொடு, எழுந்திரு, ஓடு" என்று சொல்லிக்கொடுப்பது மேல். போர்டை நம்பி யாராவது ரோட்டில் நின்றுவிட்டால் அதற்குப் பயிற்சிக்கூடம் பொறுப்பு ஏற்குமா?

"பெரியவங்களோட உருண்டாதானே கத்துக்க முடியும்?"

நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் நீச்சல் கற்றுக்கொடுக்க யாரும் முதல் நாளே நடுக்கடலில் தள்ளுவதில்லை. முதலில் சம எடை, அப்புறம் பத்து கிலோ கூட, அப்புறம் இருபது. நசுங்கிக் கிடப்பவருக்கு எந்த டெக்னிக்கையும் முயற்சி பண்ணிப் பார்க்கவே இடம் கிடைக்காது. அந்த ஜூனியர் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: மூச்சுவிடாமல் இருப்பது எப்படி.

"முதல்ல நல்லா சாப்பிட்டு வெயிட் ஏத்து தம்பி."

ஏற்றலாம். 54-ஐ 58 ஆக்கலாம். 91 ஆக்கச் சொன்னால் எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸின் பொருளாதாரமே படுத்துவிடும் :-)

யார் என்ன செய்ய வேண்டும்?

மாஸ்டர்களுக்கு: புதிதாக வருபவர்களுக்கு முதல் சில மாதம் எடை பார்த்து ஜோடி போடுங்கள். பெரிய வித்தியாசம் உள்ள ஜோடி என்றால் முழு ஆட்டம் வேண்டாம். சின்னவர் முதுகில் இருக்கும் நிலையிலிருந்தோ, முட்டு கொடுத்த நிலையிலிருந்தோ ஆரம்பியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "இன்னைக்கு இவரோட வேண்டாம் மாஸ்டர்" என்று சொல்பவரைக் கோழை என்று பார்க்காதீர்கள்.

பெரிய அண்ணன்களுக்கு: உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் ஃபோர்ஸ் கொடுக்கவில்லை என்பதையும் நம்புகிறேன். ஆனால் புவியீர்ப்பு உங்களிடம் பர்மிஷன் கேட்டுவிட்டு வேலை செய்வதில்லையே. எங்களோடு உருளும்போது கீழே இருந்து ஆடிப் பாருங்கள். எடையைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் உங்கள் நிஜமான டெக்னிக். எங்கள் மேல் படுத்தே ஜெயித்தால் உங்களை விடப் பெரியவர் வரும் அன்றைக்கு உங்களுக்கும் விலா வலிதான்.

சின்னவர்களுக்கு: கணக்கு எழுதும் முறையை மாற்றுங்கள். எத்தனை முறை தட்டினோம் என்று எண்ணினால் எப்போதும் நஷ்டக் கணக்குதான். போன வாரம் பத்து நொடியில் தாண்டி வந்தார், இந்த வாரம் நாற்பது நொடி பிடித்தது என்றால் அது லாபம். ஒரு முறை முதுகுக்குப் போனால் அது போனஸ். எடை தாங்கவில்லையா, பூட்டு எதுவும் இல்லாவிட்டாலும் தட்டிவிடுங்கள். டேப் என்பது இன்சூரன்ஸ் பிரீமியம். சின்னத் தொகை கட்டி விலா எலும்பைக் காப்பாற்றிக்கொள்கிறோம். நான் அன்றைக்கு அந்த பிரீமியத்தைக் கட்டவில்லை. மூன்று வாரம் வலித்தது.

விலா சரியானதும் இதையெல்லாம் மாஸ்டரிடமே போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தார். "பி.காம் படிக்கறவன் எல்லாம் எனக்கு ஜு-ஜிட்சு சொல்லிக் குடுக்கறான்" என்றார். ஆனால் அடுத்த சனிக்கிழமை புதியவர்களை எடை கேட்டு ஜோடி போட்டார். எதுவும் விளக்கம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜூனியருக்கு விஷயத்தைச் சொன்னேன். "யோசிக்கறேண்ணா" என்றாள். உன் டெக்னிக்கில் தப்பில்லை என்று மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன். வருவாளா தெரியாது. வராவிட்டாலும் தன் மேல் பழி போட்டுக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான்.

சுவர் போர்டு இன்னும் அப்படியேதான் தொங்குகிறது. என் பையில் ஒரு மார்க்கர் பேனா இருக்கிறது. ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும். என்ன நான் சொல்றது?

பி.கு: விலா இப்போது பரவாயில்லை. பக்கத்து பெஞ்ச் நண்பனின் ஜோக்குகள் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன.